240 கட்டங்கள்

வணக்கம்.

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கும் கணவருக்கும் 29 வயது. இருவருக்கும் வேலை இருக்கிறது, குழந்தை இல்லை. 14 மாதங்களுக்கு முன்னால் கடன் போட்டு வீடு வாங்கினோம். 20 வருடக் கடன், வட்டி 8 சதவீதம். வாங்கிய வாரமே அவர் ஒரு பெரிய தாளில் 240 கட்டம் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். ஒரு தவணைக்கு ஒரு கட்டம். தவணைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மாதாமாதம் கூடுதலாகவும் கட்டுகிறோம். அதனால் கீழ்வரிசையிலிருந்தும் கட்டங்கள் அடிபடுகின்றன. அடிக்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் மிச்சப் பணம் எல்லாம் அங்கே போய்விடுவதால் வெளியே போவது நின்றுவிட்டது. தோழிகள் கூப்பிட்டபோது மூன்று முறை ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். போன மாதம் அவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து எங்கோ போயிருக்கிறார்கள். படங்களைப் பார்த்துத்தான் அப்படி ஒரு பயணம் நடந்ததே எனக்குத் தெரியும். என்னைக் கேட்கவே இல்லை. இதைச் சொல்லி அழுதேன். கணவர், "இன்னும் கொஞ்ச வருஷம்தானே, இப்போ கட்டினாதான் லாபம், அப்புறம் ஆயுசு முழுக்கச் சுத்தலாம்" என்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரி என்றுதான் படுகிறது. வேறு கடன் எதுவும் இல்லை. அவசரத்துக்கு என்று ஒரு மாதச் சம்பளம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நான் ஊதாரித்தனமாக யோசிக்கிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊதாரிகள் அலமாரிக் கதவைத் திறந்து கட்டம் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

முதலில் உங்கள் கணவர் பக்கம் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அவரிடம் நியாயம் இருக்கிறது. கடன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 8 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 836. முதல் மாதம் நீங்கள் கட்டும் 836இல் 667 வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது 170 கூட இல்லை. தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கைத் தாண்டவே 11 வருடத்துக்கு மேல் ஆகும். பாதிக் கடன் அடைய 13 வருடம் 8 மாதம் பிடிக்கும். 20 வருடமும் தவணையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் வாங்கிய கடனுக்குச் சமமான தொகை வட்டியாகவே போயிருக்கும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த எவருக்கும் தாளும் ஸ்கேலும் எடுத்துக் கட்டம் போடத்தான் தோன்றும். நானே போட்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் "இப்போ கட்டினாதான் லாபம்" என்பது பாதி உண்மை. மேலே சொன்ன கடனில் முதல் மாதமே ஆயிரம் கூடுதலாகக் கட்டினால் கடைசியில் சுமார் 3,850 வட்டி மிச்சம். அதே ஆயிரத்தைப் பத்து வருடம் கழித்துக் கட்டினால் மிச்சம் 1,200 தான். பார்த்தால் பகீரென்று இருக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் அந்த ஆயிரம் சம்பாதித்தது வருடத்துக்கு அதே 8 சதவீதம்தான். முதல் ஆயிரத்துக்கு ஓட 20 வருடம் கிடைத்தது, இரண்டாவதற்குப் பத்து. இந்த மாதம் விட்டால் போச்சு என்று பதறும்படி அதில் எதுவும் இல்லை. கடன் எப்போது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். கடன் தொடங்கிய நாளிலிருந்தே தவணையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டினால் 240 கட்டம் 138 ஆகிவிடும். 102 கட்டம் மிச்சம். பெரிய விஷயம்தான். சரி, அதில் பாதியை மட்டும், அதாவது தவணையில் ஆறில் ஒரு பங்கை மட்டும் கூடுதலாகக் கட்டினால்? நானும் 51 கட்டம் குறையும் என்றுதான் நினைத்தேன். குறைவது 67. கட்டங்கள் 173 ஆகின்றன. பாதிப் பணத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு பலன். வட்டியிலும் இதே கதைதான்: முழுதாகக் கட்டினால் லட்சத்துக்கு 47,900 மிச்சம், பாதி கட்டினால் 31,900. கூடுதலாகப் போடும் முதல் காசு கடனின் நீண்ட வாலை வெட்டுகிறது. அடுத்த காசு வரும்போது வால் ஏற்கெனவே குட்டையாகி இருக்கிறது, அதற்கு வெட்ட அவ்வளவு கிடைப்பதில்லை. உங்கள் கடனில் 14 மாதம் ஓடிவிட்டதால் எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் வடிவம் மாறாது.

ஆக, உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் 240க்கும் 138க்கும் நடுவில் இல்லை. 138க்கும் 173க்கும் நடுவில் இருக்கிறது. இரண்டாவது பாதிப் பணம் வாங்கித் தருவது 35 கட்டங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. 40 வயதை ஒட்டி முடிய வேண்டிய கடன் 42, 43 வாக்கில் முடியும். லட்சத்துக்கு 16,000 வட்டி அதிகம் போகும். இதுதான் விலை. சின்ன விலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலை தெரிந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச முடியும். "வாழ்க்கையா, வீடா" என்று பேச ஆரம்பித்தால் அழுகையில்தான் முடியும்.

அந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறதாம். நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். நெருங்கிய நட்புக்கு 200க்கு மேல். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது, சும்மா இருந்து பேசும் நேரம்தான் கணக்கு. படித்தவுடன் எனக்குத் தோன்றியது, உங்கள் ஐந்து தோழிகளோடு இந்த 200 மணி நேரத்தை நீங்கள் எப்போதோ கட்டி முடித்துவிட்டீர்கள் என்பதுதான். இப்போது கேட்பது பராமரிப்பு மட்டும். நாற்பது வயதில் புதிதாகத் தொடங்கினால் ஆளுக்கு 200 மணி நேரம் எங்கே போய்த் தேடுவீர்கள்? அவர்களுக்கும் அப்போது நேரம் இருக்க வேண்டுமே.

என் கதை இது. நானும் என் மனைவியும் எங்கள் வீட்டுக் கடனைக் கெடுவுக்கு ஆறு வருடம் முன்பே அடைத்தோம். உங்களைப் போலத்தான், எதற்கும் போவதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை. கடன் முடிந்த அன்று பத்திரத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து வீட்டில் மேசைமேல் வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவனுக்குப் போன் செய்தேன். "டேய்" என்று ஆரம்பித்துச் சொன்னேன். அவன் முழுதும் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷங்க" என்றான். "ங்க". அவன் வேண்டுமென்று சொல்லவில்லை, கோபமும் இல்லை. இத்தனை வருடத்தில் அவன் வாய் என்னை மறந்திருந்தது, அவ்வளவுதான். போனை வைத்தபிறகு மனைவி, "என்ன சொன்னார்?" என்று கேட்டாள். "சந்தோஷம்னான்" என்றேன். இதைச் சொல்வதால் கடனை அடைத்தது தப்பு என்று ஆகாது. இன்றைக்கும் அந்த வீட்டில்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன். ஆறு வருடத்துக்குப் பதில் நாலு வருடம் முன்பு அடைத்திருந்தாலும் இதே தூக்கம்தான் வந்திருக்கும்.

இங்கே உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். வெளியே போவது, வருவது என்று நாம் எழுதும் செலவில் எவ்வளவு உண்மையிலேயே மனிதர்களுக்காகப் போகிறது? அலுத்துப்போய் வந்த சாயங்காலம் சமைக்கச் சோம்பல்பட்டு வரவழைத்த சாப்பாடு, யாரோ கூப்பிட்டார்களே என்று போய் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிய விருந்து, ஐந்து பேர் எடுத்தார்கள் என்று நாமும் எடுத்த உடுப்பு எல்லாம் ஒரே தலைப்பில் வந்து உட்கார்ந்துவிடும். கடந்த மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதிப் பாருங்கள். அந்தச் செலவால் யாரோடு இருந்தீர்களோ அவர் பெயர். பெயர் எழுத முடியாத வரிகள் நிறைய இருந்தால், அதில் கை வைக்க உங்கள் கணவருக்கு முழு உரிமை உண்டு. தோழிகள் போன அந்தப் பயணத்துக்கு நீங்களும் போயிருக்க வேண்டும் என்று நானாகச் சொல்ல மாட்டேன். ஒரு சாயங்காலம் அவர்களில் ஒருத்தி வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கச் செலவே இல்லை. அதைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் கடிதத்தில் எனக்கு உறுத்தியது. மூன்று முறை சாக்குச் சொன்னேன் என்கிறீர்கள். உண்மையான காரணத்தை ஒருமுறையாவது சொன்னீர்களா?

இன்னொன்று, இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவசரத்துக்கு ஒரு மாதச் சம்பளம்தானா? உங்கள் இருவர் சண்டையையும் விட இது பெரிய விஷயம். வேறு கடன் இல்லை என்பது நல்லது. ஆனால் வீட்டுக் கடனில் கூடுதலாகப் போட்ட காசு பெரும்பாலும் திரும்பி வராது. நாளை உங்களில் ஒருவருக்கு வேலை போனால், "போன வருஷம் நிறையக் கட்டினோமே" என்று சொல்லி அடுத்த தவணையைத் தள்ளிப்போட முடியாது. அது தேதி தவறாமல் வந்து நிற்கும். கூடுதல் கட்டுவதை இன்றைக்கே நிறுத்திவிட்டு, தவணையும் சேர்த்து ஆறு மாதச் செலவு கையில் சேரும்வரை அந்தப் பணத்தை எளிதில் எடுக்கக்கூடிய கணக்கில் போடுங்கள். குறைந்தது மூன்று மாதம். குழந்தை பற்றிய யோசனை இருந்தால் இது இன்னும் முக்கியம், இரண்டு சம்பளம் சில காலம் ஒன்றாகலாம். அதற்கு அப்புறம் 138, 173 பற்றிப் பேசலாம். கட்டம் அடிபடாத மாதங்கள் உங்கள் கணவருக்குக் கஷ்டமாக இருக்கும். வேண்டுமானால் இதற்கும் ஆறு கட்டம் போட்டுப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

கூடவே கடன் ஸ்டேட்மென்டையும் பாருங்கள். கூடுதலாகக் கட்டியதை அசலில் கழித்திருக்கிறார்களா, அல்லது அடுத்த தவணைக்கான முன்பணம் என்று ஓரமாக வைத்திருக்கிறார்களா? இரண்டாவது என்றால் 14 மாதத் தியாகத்துக்கு வட்டி ஒன்றும் குறைந்திருக்காது. அசலில் கழித்திருந்தாலும், கடன் காலத்தைக் குறைத்திருக்கிறார்களா, தவணைத் தொகையைக் குறைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது முதலாவது. வட்டி நிலையானதாக இருந்தால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் இருக்கலாம். சில இடங்களில் வருடத்துக்கு நிலுவையில் 10 சதவீதம்வரை அபராதமில்லாமல் விடுவார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும். வட்டி மாறக்கூடியது என்றால், அது 10, 11 சதவீதம் என்று ஏறும் காலத்தில் உங்கள் கணவர் கை ஓங்கட்டும். இறங்கினால் உங்கள் கை.

கையிருப்பு சேர்ந்த பிறகு மிச்சம் வருவதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி சம்பளம் வந்த அன்றே கடனுக்குப் போகட்டும். மறு பாதியை மறுபடியும் இரண்டாக்கி ஆளுக்கொரு பங்கு. அவரவர் பங்குக்கு மற்றவர் கணக்குக் கேட்கக்கூடாது. ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் வழக்காடுவதுதான் மனதைக் கெடுப்பது. தொகை முன்னாலேயே முடிவாகிவிட்டால் அந்த வழக்கு இல்லை. காசு தீர்ந்த மாதம் மொட்டைமாடி.

தோழிகளில் உங்களுக்கு ரொம்ப வேண்டியவருக்கு இன்றைக்கே நீங்களாக எழுதுங்கள். படங்களைப் பார்த்தேன் என்ற தாங்கல் வேண்டாம். "கடனை அடைச்சிட்டிருக்கோம், பெரிய செலவுக்கு வர முடியலை, அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு, ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரட்டுமா" என்று கேட்டால் போதும். அந்த ஐந்து பேரிலும் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தியாவது இருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தோழிகள் ஐந்து பேர் வருகிறார்கள். உங்கள் கணவருடைய நண்பர் ஒருவர்கூட வரவில்லை. எழுத இடமில்லாமல் விட்டீர்களா, இல்லை அவரை யாரும் கூப்பிடுவதே இல்லையா? அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.