ரிட்டர்ன் லோடு: பாதி வாடகைக்கு ஏற்றலாமா?

கேள்வி (டோங்காட் வாசகர்): ஐயா, வங்கிக் கடனில் ஒரு லாரி வாங்கி, டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோஹானஸ்பர்க்கின் சிட்டி டீப் கன்டெய்னர் முனையம் வரை கன்டெய்னர் ஏற்றிச் செல்கிறேன். திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டிதான். புரோக்கர் ஒருவர் பாதி வாடகைக்கு ரிட்டர்ன் லோடு தருவதாகச் சொல்கிறார். ஏற்பதா, மறுப்பதா?

பதில்: வாடகை பாதியா முழுதா என்பதைவிட, அந்த லோடு உங்களுக்குக் கூடுதலாக என்ன செலவு வைக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். டர்பன்-ஜோஹானஸ்பர்க் என்-3 நெடுஞ்சாலையின் டோல் வண்டியின் அச்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வாங்கப்படுவதால், காலி வண்டிக்கும் அதே தொகைதான். கடன் தவணையும் காப்பீடும் அப்படியே. லோடு ஏற்றுவதால் கூடுவது டீசலும், சுற்றுவழியும், காத்திருக்கும் நாட்களுமே.

உதாரணத்துக்குக் கூடுதல் டீசல் 2,000 ரேண்ட் என்றும், வண்டி ஒரு நாள் நின்றால் இழப்பு 3,000 ரேண்ட் என்றும் வைத்துக்கொள்வோம். 9,000 ரேண்ட் வாடகையில் ஒரு நாள் மட்டும் காத்திருந்து லோடு ஏறினால் உங்கள் கையில் 4,000 நிற்கும். அதே லோடுக்காக மூன்று நாள் காத்திருந்தால் 2,000 நஷ்டம், காலியாகத் திரும்பியிருந்தாலே நல்லது. டர்பனில் அடுத்த நடை காத்திருக்காத வாரத்தில் இந்தக் கணக்கு மாறும். அப்போது காத்திருப்பதில் இழப்பு அதிகமில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: போகும் வாடகையைப் பேசும்போதே திரும்பி வரும் செலவையும் அதில் சேர்த்துவிடுங்கள். ரிட்டர்ன் லோடை நம்பிப் போகும் வாடகையைக் குறைத்துக்கொண்டவர்கள் வண்டியையே வங்கியிடம் இழந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இனி, உங்களுக்கு லோடு கிடைக்காததற்கு டிரெய்லரும் ஒரு காரணமாக இருக்கலாம். கன்டெய்னர் மட்டுமே ஏற்றக்கூடிய எலும்புக்கூட்டு டிரெய்லரில் வேறு சரக்கை ஏற்ற வழியில்லை. அதிலும் இறக்கிய காலிக் கன்டெய்னரை டர்பனிலேயே ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், காலியாக வருவதாக நீங்கள் நினைக்கும் வண்டி உண்மையில் கூலியில்லாத சுமை ஒன்றைத் தூக்கி வருகிறது. காலிப் பெட்டியை எங்கே ஒப்படைப்பது, அதற்கு யார் பணம் தருவது என்பதை ஏற்றும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் திரை கொண்ட டிரெய்லர் வைத்திருப்பவருக்கு வாய்ப்பு அதிகம்: ஆண்டின் நடுமாதங்களில் லிம்போபோ தோட்டங்களிலிருந்து ஆரஞ்சு ஏற்றுமதிக்காக டர்பனுக்கு இறங்குகிறது. ஃப்ரீ ஸ்டேட்டின் மக்காச்சோளம் அறுவடையாவதும் அந்தப் பருவத்தில்தான். அதை மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றும் டிரெய்லர் இருந்தால், சிட்டி டீப்பில் நாள் கணக்காக நிற்காமல், என்-3 வழியிலுள்ள ஹாரிஸ்மித் பக்கம் சற்று விலகி லோடு தேடலாம். குரோம் தாதுவும் துறைமுகத்துக்கு வருகிறது என்றாலும், தாது ஏற்றிய டிரெய்லரை நன்றாகக் கழுவாமல் தானியம் ஏற்ற யாரும் ஒப்பமாட்டார்கள். அந்தச் செலவையும் நேரத்தையும் வாடகையில் சேர்த்துப் பாருங்கள்.

டீசல் உள்நாட்டைவிடக் கடற்கரையில் விலை குறைவு. டேங்கை டர்பனிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ் வாசகர்): புரோக்கர் வாடகையை 30 நாள் கழித்துத் தருகிறார். ஏற்கலாமா?

பதில்: டீசலுக்கு இன்றே பணம் கட்டுகிறீர்கள், ஆகவே டீசல் செலவையாவது முன்பணமாகக் கேளுங்கள், மறுத்தால் வேறு லோடு பாருங்கள். சரக்கை ஒப்படைத்ததற்கான கையெழுத்திட்ட தாள் இல்லாமல் பாக்கியை வாங்குவது கடினம் என்பதால், அதன் படத்தை அன்றே அனுப்பிவிட்டு மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். வழியில் சரக்குக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் என்-3 வழியிலுள்ள மூய் ரிவரில் லாரிகள் எரிக்கப்பட்டது நினைவிருக்கும். கலவரச் சேதத்தை வழக்கமான காப்பீடு ஏற்பதில்லை, அதற்கு அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பீடு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். வண்டிக்கும் ஏற்றும் சரக்குக்கும் அது இருக்கிறதா என்று உங்கள் காப்பீட்டு முகவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.