பம்மல் சம்பந்த முதலியாருக்கு அந்தப் பட்டம் தகுமா? கேள்வி பதில்

பம்மல் சம்பந்த முதலியாரை (1873–1964) ‘தமிழ் நாடகத் தந்தை’ என்கிறோம். அந்தப் பெயர் அவருக்குப் பொருந்துமா என்று வடசென்னை நாடகக்காரர்கள் கேட்டவையும், பழைய நாடகப் பிரதிகளோடு பழக்கமுள்ள ஒருவர் சொன்ன பதில்களும் இங்கே.

ராயபுரத்திலிருந்து: ஐயா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. தகுமா, தகாதா?

எழுத்தை மட்டும் பார்த்தால் பட்டம் கொஞ்சம் அதிகம்தான். மேடையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் என்று பார்த்தால் தாராளமாகத் தகும். 1891இல், 18 வயதில், நண்பர்களோடு சுகுண விலாச சபா என்ற அமெச்சூர் நாடகக் குழுவைத் தொடங்கினார். தொழில்முறைக் குழுக்கள் போட்ட அன்றைய கம்பெனி நாடகத்தில் பாட்டுதான் பிரதானம். வசனத்தை நடிகர் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி பேசுவார், ஆட்டம் விடிய விடியப் போகும். இவர் உரைநடையில் முழுப் பிரதி எழுதினார், எழுதியதையே பேசவைத்தார், ஒத்திகையைக் கட்டாயமாக்கினார். வக்கீலும் சர்க்கார் உத்தியோகஸ்தரும் வேஷம் கட்டலாம் என்று ஊரை ஏற்கவைத்தார். ‘கூத்தாடி’ என்று ஏளனம் பேசிய காலத்தில் அது லேசான காரியமில்லை.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: பம்மல் பல்லாவரம் பக்கம்தானே? அவரை நம்ம ஏரியாக்காரர்னு சொல்றாங்களே?

பம்மல் பூர்வீகம். பிறந்தது ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெரு. சபா நாடகம் போட்டது பார்க் டவுனில் ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்திலுள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலில். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், வால்டாக்ஸ் ரோட்டில், ஒற்றைவாடை அரங்கில் கம்பெனி நாடகங்கள் நடந்தன. படித்தவர் கூட்டம் ஹாலுக்கு, பொதுஜனம் ஒற்றைவாடைக்கு. பம்மலாரின் புகழை எடைபோடும்போது இந்த இரண்டு வாசலையும் மறக்கக்கூடாது. பின்னாளில் புகழை எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் ஹால் வாசல் வழியாக வந்தவர்கள்.

வியாசர்பாடியிலிருந்து: அண்ணே, அப்போ சங்கரதாஸ் சுவாமிகளை எங்கே வைக்கறது?

இந்த விவாதத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடக்கின்றன. வெவ்வேறு ஊர் நடிகர்கள் முன் ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்தித்தாலே போதும். பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்தை அவரவர் சாமர்த்தியத்துக்கு நீட்டிக்கொள்வார்கள். நடிகனுக்கு இடம்விட்டுக் கட்டிய எழுத்து அது. பம்மலாரின் நாடகத்தை அப்படிப் போடவே முடியாது. ஒரு வசனம் தவறினால் அடுத்தவருக்கு அடி எடுக்க வராது.

சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்திப் பயிற்றுவித்ததிலும் சுவாமிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தப் பள்ளியில் வந்தவர்கள். மேடையில் இன்றும் ஓடுவது யாருடையது என்பதுதான் அளவுகோல் என்றால் சுவாமிகள் தெளிவாக முந்துகிறார். எனவே ‘நவீன சபா நாடகத்தின் தந்தை’ என்று பம்மலாரைச் சொல்லுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஒட்டுமொத்தத் தமிழ் நாடகத்துக்கும் ஒரே தந்தை என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை.

பெரம்பூரிலிருந்து: பாதி நாடகம் ஷேக்ஸ்பியர் காப்பிதானே சார்?

பாதியெல்லாம் இல்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களில் அவை ஒரு சிறு பங்கு. அவற்றையும் அவர் ஒளித்துச் செய்யவில்லை. ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான், மேக்பெத் மகபதி, சிம்பெலின் சிம்மளநாதன். பெயரின் ஓசையே மூலத்தைக் காட்டிக்கொடுக்கும்படி வைத்திருக்கிறார். குறை வேறு இடத்தில் இருக்கிறது. மூலம் பெரும்பாலும் செய்யுள், இவர் எடுத்துக்கொண்டது உரைநடை. கதையும் காட்சி அடுக்கும் பத்திரமாக வந்து சேர்ந்தன. சொல்விளையாட்டும் கவித்துவமும் வழியிலேயே நின்றுவிட்டன. அமலாதித்யனின் தனிமொழியை மூலத்தோடு பக்கத்தில் வைத்து வாசித்தால் இழப்பு எவ்வளவு என்று தெரியும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: ‘பொறுத்தது போதும், பொங்கி எழு’ அவர் எழுதினதுதானே?

இல்லை. அது 1954இல் வந்த மனோகரா படத்துக்கு மு. கருணாநிதி எழுதிய வசனம். படத்துக்கு மூலமான பம்மலாரின் மனோகரா நாடகம் 1890களைச் சேர்ந்தது. பம்மலாரைப் புகழும் மேடைகளிலேயே இந்த வரியை அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

திருவொற்றியூரிலிருந்து: எங்க மன்றத்தில் மனோகராவை ஒன்றரை மணி நேரத்தில் போடணும். உரிமை வாங்கணுமா? எப்படி வெட்டறது?

அவர் 1964இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற சட்டப்படி 2025 ஜனவரி முதல் நாடகப் பிரதிக்குக் காப்புரிமை இல்லை. படத்து வசனத்தைக் கலக்காதீர்கள், அதன் உரிமை விவகாரம் தனி.

முதலில் சொல் கணக்கு. உணர்ச்சியான வசனம் நிமிடத்துக்குச் சுமார் 90 சொல்தான் ஓடும். 90 நிமிடத்தில் வருகை, போக்கு, காட்சி மாற்றம், சண்டைக்கு 20 நிமிடம் கழியுங்கள். மிச்சம் 70 நிமிடம், அதாவது 6,300 சொல். பிரதியை அதற்குள் அடக்குங்கள். ஒத்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசிக் காட்சிதான் அடிபடும்.

பார்வையாளர்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்ததை இன்னொரு பாத்திரம் வந்து விவரிக்கும் பகுதிகளை முதலில் எடுங்கள். அடுத்து, தனிமொழிகளை ஐந்தாறு வரிக்குச் சுருக்குங்கள். வசந்தன் என்ற சிரிப்புப் பாத்திரத்தின் அசட்டுத்தனத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். சீரியஸ் நாடகம் என்று எல்லோரும் முதலில் வெட்டுவது அதைத்தான். நடுவில் சிரிப்பு இல்லாவிட்டால் அடுத்தடுத்து வரும் ஆவேசம் அலுத்துப்போய், முக்கியமான இடத்தில் பார்வையாளர்கள் தப்பாகச் சிரிப்பார்கள்.

தர்பார் காட்சியில் மனோகரன் அறுத்தெறியும் சங்கிலிக்கு பிளாஸ்டிக் வேண்டாம், ஆடும்போதே குட்டு உடைந்துவிடும். மெல்லிய இரும்புச் சங்கிலி எடுத்து, நடுவில் ஒரு வளையத்தை முழுக்கத் திறந்து, இரு முனையையும் கறுப்பு நூலால் இரண்டு சுற்று கட்டுங்கள். நான்கு சுற்று போட்டால் நடிகர் மூச்சுப்பிடித்து இழுக்க வேண்டியிருக்கும், ஒரு சுற்று என்றால் உள்ளே வரும்போதே அறுந்துவிடும். நாடகம் போடும் ஒவ்வொரு முறையும் புது நூல் கட்டுங்கள்.

தர்பார் காட்சியைக் கத்தலில் தொடங்கவேண்டாம். மனோகரன் முதல் வரியிலேயே உச்சிக்குப் போனால் சங்கிலி அறும்போது ஏறுவதற்குக் குரல் மிச்சமிருக்காது. மைக் அளவையும் அந்த உச்ச வசனத்தைப் பேசவைத்தே சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கரகரக்கும். மொழியைப் பாதி பழசு, பாதி புதுசாக்குவது வேண்டாம். ‘நாதா’ என்று அழைத்தவள் அடுத்த வரியில் ‘என்னங்க’ என்றால் நாடகம் அங்கேயே படுத்துவிடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து, கல்லூரி மாணவி: பெண்களை நடிக்கவே விடலையே சார்?

உண்மை அம்மா. சபாவில் பெண் வேடங்களை ஆண்களே கட்டினார்கள். ரங்கவடிவேலு என்ற வக்கீல் அதில் பெரும் பேர் வாங்கினார். அன்றைக்குப் பெண் நடிகையரே இல்லை என்று சமாதானம் சொல்லவும் முடியாது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் குழு நடத்தியிருக்கிறார். கௌரவமான மேடை என்ற எண்ணத்துக்கு இது கொடுக்கப்பட்ட விலை. அந்தக் குறையை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

எண்ணூரிலிருந்து: எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

மனோகராவில் தொடங்காதீர்கள், அதைப் படிப்பதைவிடப் பார்க்க வேண்டும். சபாபதியை எடுங்கள். அசட்டு எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், தனித்தனிப் பாகங்கள், ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடியும். அவருடைய உரைநடை சுகமாக நடப்பது இந்த மாதிரி நகைச்சுவையில்தான். அப்புறம் ‘நாடகமேடை நினைவுகள்’ என்ற அவருடைய நினைவுக்குறிப்பு நூல். எழுத்தாளராக அவர் மிஞ்சி நிற்பது அதில்தான் என்பது என் கட்சி, மறுப்பவர்கள் மறுக்கலாம்.