புதுப்பிப்பை ஏற்க மறுக்கும் உபுண்டு

கேள்வி: என் கணினியில் உள்ள உபுண்டு 21.10 இயங்குதளத்தை நெடுநாள் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். இப்போது முயன்றால் 404 பிழை (கேட்ட கோப்பு அங்கில்லை) வருகிறது; கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் ‘பூட்’ பகுதியில் இடமில்லை என்றும் சொல்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் மீண்டும் நிறுவ வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியிராது. எனினும், எதையும் தொடும் முன் உங்கள் சொந்தக் கோப்புகள் உள்ள ‘ஹோம்’ அடைவை வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இடப் பற்றாக்குறையை முதலில் தீர்க்க வேண்டும். இயங்குதளத்தின் மையநிரலான கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பழைய கர்னல்கள் தங்கிவிடுவதால், ‘பூட்’ தனிப் பகிர்வாக இருந்தால் அது நிரம்பி, நிறுவல் பாதியில் நின்றுவிடும். ‘யுனேம் -ஆர்’ கட்டளை காட்டும், இப்போது இயங்கும் கர்னலையும் மேலும் ஒன்றையும் விட்டுவிட்டு, மற்றவற்றை, மென்பொருள் பொதிகளை நிறுவவும் நீக்கவும் உதவும் ‘ஆப்ட்’ கருவி மூலமும், அது மறுத்தால் ‘டிபிகேஜி’ கருவி மூலமும் நீக்குங்கள். கோப்புகளைக் கையால் அழிப்பது கூடாது. அவை இன்னும் இருப்பதாகவே பொதி மேலாண்மை நம்பிக்கொண்டிருக்கும். பிறகு ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ ஆகியவற்றை இயக்கினால் பாதியில் நின்றவை முடிந்துவிடும்.

404 பிழைக்கு உங்கள் இணைய இணைப்பு காரணமல்ல. அக்டோபர் 2021-இல் வெளியான 21.10, நீண்டகால ஆதரவுப் பதிப்பு அன்று. இத்தகைய இடைக்காலப் பதிப்புகளுக்கு 9 மாத ஆதரவுதான் என்பதால், ஜூலை 2022-இலேயே அதன் ஆயுள் முடிந்தது. அதன்பின் பொதிகள் ‘ஓல்ட்-ரிலீசஸ்’ என்ற பழைய களஞ்சிய வழங்கிக்கு மாற்றப்பட்டுவிட்டன. உங்கள் கணினியோ காலிசெய்த வீட்டின் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. பொதிகளை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று குறிக்கும் ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பில் ‘ஆர்க்கைவ்’, ‘செக்யூரிட்டி’ வழங்கிகளின் பெயர்களுக்குப் பதிலாக ‘ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம்’ என்று மாற்றுங்கள். பிறர் நடத்தும் கூடுதல் களஞ்சியங்களான பிபிஏ-க்களைத் தற்காலிகமாக முடக்குங்கள். ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பில் புதிய பதிப்பின் பெயரை நேரடியாக எழுதிக் குறுக்குவழி தேடுவோர் உண்டு; பதிப்பை உயர்த்துவதற்குரிய கருவியான ‘டூ-ரிலீஸ்-அப்கிரேட்’ செய்யும் சரிபார்ப்புகள் அதில் விடுபட்டுப்போவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி ‘அப்டேட்’, ‘ஃபுல்-அப்கிரேட்’ இரண்டையும் முடித்து, கணினியை மறுதொடக்கம் செய்து, ‘டூ-ரிலீஸ்-அப்கிரேட்’ கொண்டு 22.04-க்கும், விரும்பினால் அங்கிருந்து 24.04-க்கும் ஏறலாம். பிபிஏ வழியாக நிறையப் பொதிகளை நிறுவியிருந்து, அவற்றின் சார்புகள் (அவை இயங்கத் தேவையான பிற பொதிகள்) ஒன்றோடொன்று முட்டிக்கொண்டேயிருந்தால் மட்டும், நகலை ஒருமுறை திறந்து சரிபார்த்துவிட்டு 24.04-ஐப் புதிதாக நிறுவிவிடுங்கள். அந்நிலையில் அதுவே நேரத்தை மிச்சப்படுத்தும்.