பரீட்சை என்னும் சொல்

மதிப்பிற்குரிய ஐயா,

சேலத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருபத்திரண்டு வருடங்கள் பற்றவைப்பு வேலை பார்த்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவருக்கு வயது 46. பேச்சு மட்டும் மெல்லத் திரும்பியிருக்கிறது. நான் வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை கோத்துக் கொடுக்கிறேன். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

எங்களுக்காக ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்றார். இன்னொருவர் ரோமர் 5-ஐ வாசித்து, இது தேவன் வைக்கும் பரீட்சை, தேறிவிட்டால், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவுக்குப்போல இரட்டிப்பாகத் தருவார் என்றார். துன்பத்தில் ஆத்துமா வளரும் என்கிறார்கள். எனக்குள் வளர்ந்திருப்பது கசப்பு மட்டுமே. ஆறு மாதங்களாக ஆலயத்துக்குப் போகவில்லை. இரவில் அவர் கேட்பதால் சங்கீதம் வாசிக்கிறேன், எனக்காக அல்ல. நான் இந்தப் பரீட்சையில் தோற்றுவிட்டேனா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாட்களாகின்றன. இங்கே ஏற்காட்டில் மூடுபனி விலகாத காலை வேளைகளில் அதை மீண்டும் மீண்டும் படித்தேன். அவசரமாக ஆறுதல் சொல்லிவிடக் கூடாது என்பதாலேயே தாமதித்தேன்.

பாவத்தைப் பற்றிச் சொன்னவருக்கு யோவான் 9-ஆம் அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமல்ல என்று இயேசு சொன்னார். இதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு நீங்கள் உங்கள் மனத்தில் இடம்கொடுக்க வேண்டியதில்லை.

யோபுவின் இரட்டிப்பைப் பற்றிச் சொன்னவர் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நிதானமாக வாசித்திருக்கலாம். ஆடுகளும் ஒட்டகங்களும் இரட்டிப்பாயின. ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் மறுபடியும் பிறந்தார்கள். ஆனால் வீடு இடிந்து இறந்துபோன பத்துப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை, அவர்களுக்கு ஈடு என்று எதுவும் அங்கே எழுதப்படவும் இல்லை. அதே பக்கத்தில், விடாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்களிடம், 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை' என்கிறார் ஆண்டவர். புலம்பியவனை அவர் தம் தாசன் என்று அழைக்கிறார். அவருக்காக வாதாடியவர்கள்மேல் அவருக்குக் கோபம் மூளுகிறது. அந்த நண்பர்களும் தொடக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். என் மனைவி இறந்த வாரத்தில், காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் நாள்தோறும் மாலையில் ஒரு தூக்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்து, என்னைக் குடிக்க வைத்துவிட்டு, இருட்டும்வரை திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் எனக்குச் சொல்லப்பட்ட வசனங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை, அந்தத் தூக்கு நினைவில் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது' என்பது, பவுல் எழுதிய ரோமர் 5-இல் உங்கள் வேதாகமத்தில் உள்ள வாசகம். இன்று பரீட்சை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கேள்வித்தாளும் மதிப்பெண்ணும் தான். அதனால்தான் அந்தச் சகோதரர் தேறுவதைப் பற்றிப் பேசினார், நீங்கள் தோற்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'தொக்கிமே'. சோதித்துப் பார்த்து மெய்யானது என்று அறியப்பட்ட தன்மையை, உலோகத்துக்கும் நாணயத்துக்கும் சொல்வதைப்போல மனிதருக்குச் சொல்லும் சொல் அது. கத்தோலிக்கர்களாகிய நாங்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'தகைமை' என்றும், அடுத்து வரும் நம்பிக்கை என்ற இடத்தில் 'எதிர்நோக்கு' என்றும் இருக்கும். சேலத்து வெள்ளிப் பட்டறைகள் உள்ள செவ்வாய்ப்பேட்டைப் பேச்சில் சொல்வதானால் பவுலின் சொல்லுக்கு மிக அருகில் நிற்பது நீங்கள் தினமும் கேட்கும் 'டச் பார்ப்பது', அதாவது வெள்ளியின் தரத்தைச் சோதித்துப் பார்ப்பது தான்.

என் தகப்பனாரும் அந்தப் பேட்டையில் வெள்ளி உருக்கும் வேலை செய்தவர். உருக்கும் கிண்ணமாகிய மூசையில் வெள்ளி இளகி வரும்போது வெங்காரத்தைக் கிள்ளிப் போடுவார். அழுக்கெல்லாம் அதில் கரைந்து கண்ணாடிபோல மேலே படரும். வெள்ளி உருகுவது 961 டிகிரி வெப்பத்தில் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னபோது அவர் சிரித்தார், அவருக்கு நிறம் தெரியும், அது போதும். அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டால் ஆறும்போது வெள்ளி பொரிந்து தெறிக்கும் என்பதால், மூசை அடுப்பில் இருக்கும்வரை யார் கூப்பிட்டாலும் எழுந்து போக மாட்டார். மல்கியா தீர்க்கதரிசி ஆண்டவரை வெள்ளியைப் புடமிடுகிறவராக, அதுவும் உட்கார்ந்திருப்பவராகக் காட்டும் இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் தகப்பனார் உட்கார்ந்திருந்த மணைப்பலகைதான் தெரியும். (உருகிய வெள்ளியில் தம் முகம் தெரியும்வரை அவர் காத்திருப்பார் என்று பிரசங்கங்களில் சொல்லப்படுவது அந்த வசனத்தில் இல்லை.)

அந்த அடுப்படியில் நான் தெரிந்துகொண்டது, நெருப்பு வெள்ளியை உண்டாக்குவதில்லை என்பது. ஏற்கெனவே இருக்கும் வெள்ளியை அது வெளியே கொண்டுவரும், கவனிப்பார் இல்லாவிட்டால் பாழாக்கவும் செய்யும். துன்பம் தானாகவே மனிதரை வளர்த்துவிடும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். துன்பத்தால் உடைந்துபோன நல்லவர்களை நான் பார்த்திருக்கிறேன். பவுலும் அந்தச் சங்கிலியைத் துன்பத்தின் கையில் விட்டுவிடவில்லை. 'தேவ அன்பு நம்முடைய இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறபடியால், அந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது' என்று முடிக்கிறார். ஊற்றப்பட்டது என்றால், நாம் தேறியதற்காகக் கிடைத்த பரிசு அல்ல. வெட்கப்படுத்தாது என்பதையும் கவனியுங்கள்: உங்களை வெட்கப்படுத்திய பேச்சு எதுவாக இருந்தாலும் அது பவுல் சொன்ன நம்பிக்கையிலிருந்து வந்ததல்ல.

விசுவாசம் கஷ்டத்தைக் குறைத்துவிடும் என்ற எண்ணத்துக்கும் நம் நாட்டிலேயே மறுப்பு உண்டு. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் கலங்கியிருந்தபோது, 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு அந்த அரசிடமே பணிக்குச் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745-இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருக்கு இரட்டிப்பாக எதுவும் வரவில்லை. வந்தவை சிறையும் சித்திரவதையும், 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டும். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்த முடிவைவிட, துக்கத்தில் இருந்த ஒருவர் யோபுவைக் கேட்டு, தம்மைப்போல ஒருவன் வேதத்துக்குள்ளேயே அழுதுகொண்டிருக்கிறான் என்று அறிந்த அந்த வேளைதான் என்னை அதிகம் தொடுகிறது.

உங்கள் கசப்புக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் மற்றப் புலம்பல் சங்கீதங்களைப்போல இறுதியில் துதிக்குத் திரும்புவதில்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்' தான். அதைச் சங்கீதப் புத்தகத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. ஆனாலும் அந்த இருட்டில் நின்று பேசுகிறவன் ஆண்டவரைப் பார்த்தே பேசுகிறான்.

அவருக்காகத்தான் வாசிக்கிறேன், எனக்காக அல்ல என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். பகலெல்லாம் சலங்கை கோத்து, அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, மகளை அனுப்பி வரவேற்று, தமக்கு ருசிக்காத வார்த்தைகளை இன்னொருவருடைய தேவைக்காக ஒவ்வோர் இரவும் வாய்விட்டு வாசிக்கும் ஒரு பெண்ணிடம், பவுல் பொறுமை என்று எழுதிய சொல்லை, அதாவது பாரத்தின் கீழே நிலைத்திருத்தல் என்று பொருள்படும் அந்தச் சொல்லை, நான் கண்ணெதிரே பார்க்கிறேன். ஆலயத்துக்கு எப்போது திரும்புவது என்பதை உங்களுக்கும் ஆண்டவருக்கும் விட்டுவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். இதுவரை கேட்கவில்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

இன்றிரவு 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். அதை உங்களுக்காக வாசியுங்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.