பல்லைப் பிடுங்கியும் வலி போகலையே!

கேள்வி: பீடி சுற்றுகிறேன், வயது 43. நான்கு மாதத்துக்கு முன் வேலூரிலிருந்து வரும்போது பஸ் சடன் பிரேக் போட்டதில் கழுத்து வெடுக்கென்று ஆடிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். இப்போது வலது கன்னத்திலும் கண்ணுக்குப் பின்னாலும் வலி. பல்வலி என்று நினைத்து ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கியாச்சு. வலி அப்படியே இருக்கிறது. முகவலிக்குப் பிசியோதெரபி கேட்குமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: பாவம், அந்தப் பல்! அது என்ன செய்யும்? கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. அடிபட்டது கழுத்தாக இருந்தாலும் மூளை அதைக் கன்னத்து வலியாக எடுத்துக்கொள்ளும். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புவரை இறங்குகிற தசை இறுகினாலும் இதே கதைதான்.

முறத்தை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் வலி கூடுகிறதா? பிடரியை அழுத்தினால் கண்ணுக்குப் பின்னால் தெறிக்கிறதா? அப்படியானால் கழுத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். முகம் கழுவும்போது ஷாக் அடித்த மாதிரி விநாடிக் கணக்கில் வெட்டினால் அது வேறு. நரம்பு டாக்டரிடம் போங்கள். இமை தொங்கினாலோ, எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

இதெல்லாம் இல்லையென்றால், நேரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு இதைத் தொடங்குங்கள். பாயில் மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். தலையைத் தூக்காமல், 'சரி' என்று தலையாட்டுவதில் பாதியளவு மட்டும் முகவாயை உள்ளே இழுங்கள். இரண்டு விரலைக் கழுத்தின் முன்பக்கம் வைத்துப் பாருங்கள். அங்கே தசை கயிறாகப் புடைத்தால் அதிகமாக இழுக்கிறீர்கள். ஐந்து விநாடியில் ஆரம்பித்துப் பத்துக்கு வரலாம். பத்து தடவை, காலை மாலை. 'இதுவும் ஒரு பயிற்சியா?' என்று தோன்றும். என்னிடம் வருகிறவர்கள் பாதியில் விடுவதும் அதனால்தான்.

அப்புறம் முறத்தை ஒரு மணைமேல் ஏற்றி வைத்து, சுவரில் சாய்ந்து உட்காருங்கள். ஒரு கட்டு முடிந்ததும் தலையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். கூலி குறையும் என்பீர்கள். அந்த நேரத்தில் இரண்டு பீடிகூடச் சுற்ற முடியாது.

யாராவது கழுத்தில் சொடுக்கு எடுக்கிறேன் என்று வந்தால் தலையைக் கொடுக்காதீர்கள். ஆறு வாரம் செய்துவிட்டு எழுதுங்கள். அதுவரை இன்னொரு பல்லில் கை வைக்க விடாதீர்கள்.