லாபிஸில் தண்ணீர் ஏறிய வீடு: விலை குறைவு என்று வாங்கலாமா?

ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் ஓய்வு பெற்றுவிட்டார், தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும். டவுனுக்கு அருகே ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒற்றை மாடி வரிசை வீடு 180,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. அதே அளவு வீடு மேட்டுப் பக்கம் 220,000. அப்பாவின் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதியை மகள் பெயரில் 30 வருடக் கடனாக எடுப்பதாகத் திட்டம். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நடக்கும் தூரம். "2023-ல கொஞ்சம் தண்ணி வந்துச்சு, இப்ப லோங்காங்கப் (மழைநீர்க் கால்வாய்) பெருசாக்கிட்டாங்க" என்கிறார் ஏஜெண்டு. "மலேசியாவுல எங்கதான் வெள்ளம் வரல?" என்கிறார் அண்ணன். அப்பாவுக்கு முட்டி வலி, வேகமாக நடக்க முடியாது.

முதலில் அண்ணன் கேள்விக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி சரி. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடியிலும் கூரையிலும் மாட்டிக்கொண்டவர்களைப் படகில்தான் மீட்டார்கள். ஆனால் எங்கேயும் வரலாம் என்பது வேறு, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது வேறு. உங்கள் சிகாமட் மாவட்டத்தில் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெருவெள்ளம், 2011-ல் மறுபடியும், 2023 மார்ச்சில் மறுபடியும். நீங்கள் கட்டப்போவதோ 30 வருடக் கடன். ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம்கூட 30 வருடத்தில் ஒரு முறையாவது வருவதற்கு 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருபதில் ஒரு வாய்ப்பு என்றால் 79 விழுக்காடு. பத்தில் ஒன்று என்றால் 96. எனவே வருமா வராதா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எந்த உயரத்துக்கு வந்தது, எத்தனை நாள் நின்றது? இந்த இரண்டும்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஏஜெண்டு சொன்ன லோங்காங் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். திடீர் வெள்ளம் என்றால், இரண்டு மணி நேரம் கொட்டுகிற மழையைக் கால்வாய் வாங்க முடியாமல் தண்ணீர் ரோட்டில் ஏறி, சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும். அதற்குப் பெரிய லோங்காங் உதவும். ஆற்று வெள்ளம் அப்படியல்ல. வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்து, ஆறே கரை புரண்டு நிற்கும்போது தாமான் தண்ணீர் போக இடமில்லை. ஆற்று மட்டம் உங்கள் தெருவை விட உயர்ந்துவிட்டால் அந்தப் பெரிய லோங்காங் வழியாகவே தண்ணீர் உள்ளே வரும். கால்வாய் வாயில் ஒருவழிக் கதவும், தண்ணீரை வெளியே இறைக்கப் பம்பும் இருக்கின்றனவா என்று ஏஜெண்டைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசனத் துறை) அலுவலகத்துக்குப் போங்கள். ஜே.பி.எஸ். இணையத்தளத்தில் ஆற்று மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளில் யாரும் பார்க்கலாம். உங்களுக்கு அருகிலுள்ள அளவை நிலையம் எது, அது அபாய நிலைக்குப் போனபோது அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்டு வையுங்கள்.

அடுத்தது வீட்டைப் பார்ப்பது. ஏஜெண்டு இல்லாமல், முடிந்தால் நல்ல மழை பெய்து முடிந்த கையோடு போங்கள். புதுப் பெயிண்டை ரசிக்க வேண்டாம், அது எந்த உயரம் வரை புதிது என்று பாருங்கள். இடுப்பளவு வரை ஒரு நிறம், அதற்கு மேல் மங்கல் என்றால் விஷயம் தெரிந்துவிடும். பிளக் பாயிண்ட்கள் மார்பு உயரத்தில் இருக்கின்றனவா? யாரும் அழகுக்காக அங்கே வைப்பதில்லை. அறைக் கதவின் அடிப்பகுதி உப்பியிருக்கிறதா, இரும்புக் கிரில்லில் துரு ஒரே மட்டத்தில் கோடு போட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சுவரைத் துடைத்துவிடலாம். கீழ்க் கீல் இடுக்கிலும் சிங்க் அடிச் சந்திலும் காய்ந்து கிடக்கும் வண்டலை யாரும் முழுக்கத் துடைப்பதில்லை.

அப்புறம் பக்கத்து வீடுகள். அங்கே குளிர்பெட்டி செங்கல் மேடையில் நிற்கிறதா? சமையலறை அலமாரி பலகையா, இல்லை சிமெண்டில் கட்டி டைல்ஸ் ஒட்டியதா? ஏறிய தண்ணீரைப் பார்த்தவர்கள்தான் இப்படிக் கட்டுவார்கள். முனையிலுள்ள கடையில் ஒரு தே தாரிக் குடித்துக்கொண்டே, "அண்ணே, 2023-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். வந்ததா என்று கேட்டால் "கொஞ்சம்" என்பார்கள். எதுவரை என்று கேட்டால் கை தானாகச் சுவரைக் காட்டும். எத்தனை நாள் நிவாரண மையத்தில் படுத்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாமான் வருவதற்கு முன் அந்த நிலம் என்னவாக இருந்தது என்று உங்கள் அப்பாவையே கேளுங்கள். எந்த ஃபீல்டில் தண்ணீர் கட்டும், மழைக்காலத்தில் எந்தப் பாதையில் குலை லாரி புதையும் என்று அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் தெரியும். எந்த வரைபடத்தையும் விட அந்த நினைவை நான் நம்புவேன். சுற்றியுள்ள தோட்டத்தில் மறுநடவு நடக்கிறதா என்றும் பாருங்கள். பழைய மரங்களைச் சாய்த்து மண் வெறுமையாகக் கிடக்கும்போது மழை மண்ணை வாரிக்கொண்டு வந்து கால்வாயைத் தூர்த்துவிடும். மேல் பக்கம் புதிய தாமானுக்கு மண் கொட்டி உயர்த்தினால் அங்கே ஊறிய தண்ணீர் இனிமேல் உங்கள் தெருவுக்குத்தான் இறங்கும். 2023-ன் அளவே கடைசி அளவு என்று யாரும் உறுதி தர முடியாது.

சட்டம் உங்கள் பக்கம் அவ்வளவாக இல்லை. பழைய வீட்டை 'உள்ளது உள்ளபடி' வாங்குகிறீர்கள். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி விற்பவர் வாய் திறக்காமல் இருந்ததை மட்டும் வைத்துப் பொதுவாக மோசடி என்று சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் கதை வேறு. அதனால் எந்தெந்த ஆண்டு, எவ்வளவு உயரம் என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலாவது இருக்கட்டும். ஆனால் சாதாரணமாக விசாரித்தாலே தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருப்பதால், அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி விசாரணையை விட்டுவிடாதீர்கள்.

காப்புறுதி: அடிப்படைத் தீக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். வீட்டு உரிமையாளர் காப்புறுதியில் வெள்ளம் உண்டு, ஆனால் அது சுவருக்கும் கூரைக்கும்தான். மெத்தை, டிவி, துணிமணிக்கு வேறு பாலிசி. இழப்பில் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டியும் வரும். புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்பே முகவரியைக் கொடுத்து விலை கேளுங்கள். கம்பெனி தயங்கினால், உங்களுக்கு முன்பே அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். காருக்கும் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

இனி என் கருத்து. 40,000 வெள்ளி மிச்சம் என்று நினைக்காதீர்கள். குளிர்பெட்டி, சலவை இயந்திரம், மெத்தைகள், கதவுகள், சமையலறை அலமாரி, வயரிங், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்குக் கடையில் இன்றைய விலை கேட்டு எழுதி, இரண்டால் பெருக்குங்கள். இரண்டு வெள்ளத்தில் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். விற்கும்போது உங்களிடமும் அடுத்தவர் இதே கழிவைக் கேட்பார்.

முழங்கால் அளவு ஏறி ஒரே நாளில் வடிந்த வீடு என்றால், இளவயதுத் தம்பதிக்கு, விலையை இன்னும் இறக்கி, பிளக்குகளை உயர்த்தி வாங்கலாம் என்பேன். இடுப்பளவு ஏறி நாள்கணக்கில் நின்றது என்றால், ஒற்றை மாடி வீட்டில் ஏறி நிற்க இடமில்லை. வேகமாக நடக்க முடியாத அப்பாவை அர்த்தராத்திரியில் யார் தூக்குவது? அண்ணன் ஜொகூர் பாருவிலிருந்து வந்து சேர்வதற்குள் ரோடு மூடியிருக்கும். அப்படியானால் அந்த வீடு வேண்டாம், 150,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

கோயிலும் பள்ளியும் பக்கத்தில் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதே தாமானிலேயே மேல் வரிசை வீடுகளைப் பாருங்கள். ஒரே தாமானில் கீழ்த் தெருவுக்கும் மேல் தெருவுக்கும் ஒரு ஆள் உயரம் வித்தியாசம் இருப்பதுண்டு, 2023-ல் மேல் வரிசைக்காரர்கள் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள். அங்கே விலைக்கு இல்லையென்றால், டிசம்பர், ஜனவரி மழை முடியும் வரை வாடகைக்கு இருந்து பாருங்கள். தோட்ட நிர்வாகத்திடம் காலி செய்ய அவகாசம் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். ஏஜெண்டு "வேற ஆள் பார்த்துட்டுப் போயிருக்காரு" என்று அவசரப்படுத்தினால், அந்த ஆளே வாங்கிக்கொள்ளட்டும்.