ஐந்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிடும் பையன்: டபுள் புரமோஷன் கேட்கலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பிப்ரவரியில் எட்டு வயது முடிந்தது. பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனோடு பேசுகிறான் என்று டைரியில் அடிக்கடி ரிமார்க் வருகிறது. இப்போதெல்லாம் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். பள்ளிக்கு வந்த ஒரு மையத்தினர் கைரேகை எடுத்துப் பார்த்துவிட்டு, "அபூர்வமான பிள்ளை, இங்கே வீணாகிறான். ஐந்தாம் வகுப்புக்கு மாற்ற நாங்களே பள்ளியில் பேசித் தருகிறோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த மையத்துக்குப் பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, அம்மா. கட்டவில்லை என்றால் தயவுசெய்து கட்டாதீர்கள். விரல் ரேகை, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகிறது. ஆளை அடையாளம் காண அது உதவும். பையன் கணக்கில் கெட்டியா, எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த அறிக்கைகளைப் பெற்றோர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். கலர் கலராகப் படம் போட்டு, பக்கம் பக்கமாக இருக்கும். மேலே உள்ள பெயரை மாற்றிவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம், மூளையைத் தட்டி எழுப்புகிறோம் என்று வருபவர்களும் இதே ரகம்தான். மூக்கோரத்து இடைவெளியில் பார்ப்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

உண்மையான அறிவுத்திறன் சோதனை என்று ஒன்று இருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் குழந்தையோடு தனியாக உட்கார்ந்து, பேசி, கணக்கும் புதிரும் கொடுத்துச் செய்வது அது. பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அதுவும் இப்போது தேவையில்லை. அந்தச் சோதனையில் வரும் மதிப்பெண்ணைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? நாளைக் காலை வகுப்பில் அவன் கைக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமையும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளி நாளில் மட்டும் வருகிறது என்றால் மேலே படியுங்கள்.

அடுத்து, வேகத்தை ஏற்றுகிற எதையும் செய்யாதீர்கள். அபாகஸ், வேகக் கணக்கு, அடுத்த வருடப் புத்தகத்தை இப்போதே முடிக்கும் டியூஷன் எல்லாமே இதில் சேரும். ஐந்து நிமிடத்தில் முடித்தவன் மூன்று நிமிடத்தில் முடிப்பான். மீதி நேரமும் சும்மாதான் உட்கார வேண்டும். அடுத்த ஜூனில் ஏற்கெனவே படித்த பாடத்தையே வருடம் முழுக்கக் கேட்பான். சின்ன வகுப்புகளுக்கு 'ஒலிம்பியாட்' என்ற பெயரில் வரும் படிவங்களும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் கட்டணத் தேர்வுகள். நாட்டுக்காக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் கணித ஒலிம்பியாட் வரிசையை நடத்துவது மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். அதற்கு எட்டாம் வகுப்பு வரை காத்திருக்கலாம்.

அவனுக்குத் தேவை மேலே ஓடுவது அல்ல, உள்ளே இறங்குவது. போன மாதம் இதே வயதுப் பையன் ஒருவனிடம், "ஒன்றிலிருந்து நூறு வரை எழுதினால் 7 என்ற எண்ணை எத்தனை முறை எழுதுவாய்?" என்று கேட்டேன். "பத்து" என்றான் உடனே. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் "ஐயோ, எழுபது, எழுபத்தொன்று விட்டுப்போச்சு" என்று விரலை மடக்கினான். பத்தொன்பது என்றான். அப்புறம் 77-ல் நின்றுவிட்டான். பென்சில் முனையை அந்த எண்ணின் மேல் வைத்துக்கொண்டு, "இதை ஒரு தடவை எண்ணுவதா, ரெண்டு தடவையா?" என்று என்னைப் பார்த்தான். இருபது என்று வர இருபது நிமிடம் ஆனது. இடையில் எழுந்து போகவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டான் என்று அவன் அம்மாவும் சொல்லியிருந்தார்.

இப்படி வாரத்துக்கு ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கணக்கு மிஸ்ஸைப் பாருங்கள். "என் பையன் புத்திசாலி, நீங்கள் கண்டுகொள்ளவில்லை" என்று ஆரம்பித்தால் கதை அங்கேயே முடிந்தது. அவர் முன்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள். நோட்டைக் காட்டி, "முடித்ததும் இந்தத் தாளை எடுத்துச் செய்யட்டுமா மிஸ், உங்களுக்குத் திருத்தும் வேலை இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் கேளுங்கள். நான் சொல்லி அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அன்றைக்கே சரி என்ற பதில் கிடைத்திருக்கிறது.

இதைப் பெற்றோர் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணி சுவரில், அலமாரியில் அட்டைகள். ஒரு அட்டையை முடித்த பிள்ளை தானே எழுந்து போய் அடுத்ததை எடுக்கும். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போனது. குறைகள் இருந்தன, ஆனால் திருத்தியிருக்கலாம். விட்டுவிட்டோம். 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது, நல்லதுதான். ஆனால் மலரைத் தாண்டிய பிள்ளைக்கு என்ன? 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பு என்று பேசுவதும் பள்ளிக்கே வராத பிள்ளையை மனதில் வைத்துத்தான். பின்தங்கிய பிள்ளைக்குத் திட்டம் வேண்டும், கட்டாயம் வேண்டும். முன்னால் நிற்கும் பிள்ளையை "சும்மா உட்கார்" என்று சொல்வது மட்டும் எந்த ஊர் நியாயம்?

சரி, டபுள் புரமோஷன். வேண்டாம் என்பதுதான் என் பதில். கணக்கில் முந்துகிறவன் எழுதுவதிலும் முந்துகிறானா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் ஒரு பக்கம் எழுதும்போது இவன் கை பாதியில் வலித்து நின்றால், கணக்கில் வந்த பெருமை அங்கே போய்விடும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகன் இப்படியே படித்தால் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பிப்ரவரியில் 17 ஆகிவிடும். ஒரு வகுப்பைத் தாண்டினால், முடிக்கும்போது 16. டிசம்பர் வந்தாலும் 16 தான். எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் அந்த வருடம் நீட் எழுத முடியாது. இன்று மிச்சம் பிடித்த ஒரு வருடத்தை அன்று வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டும். டாக்டராக வேண்டாம் என்று எட்டு வயதில் அவனுக்காக நீங்கள் முடிவு செய்ய முடியாதே. ஜனவரி முதல் டிசம்பர் வரை எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும், பிறந்த வருடத்தோடு 17-ஐக் கூட்டிப் பாருங்கள். அந்த வருடத்துக்கு முன்னால் பள்ளியை முடித்தால் இந்தச் சிக்கல் உண்டு.

"பேசித் தருகிறோம்" என்றவர்களிடம் இனி பேச வேண்டாம். வகுப்பு மாற்றம் தலைமையாசிரியர் கையில் இருக்கிறது, அந்த மையத்தின் கையில் இல்லை. அவரை நீங்களே நேரில் பார்க்கலாம், யாருக்கும் கமிஷன் தர வேண்டாம். பள்ளி வளாகத்தில் கைரேகை எடுக்க யார் அனுமதித்தது என்பதையும் அப்போதே கேளுங்கள். சனிக்கிழமை அவனைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிப்போங்கள். புத்தகத்தை அவனே எடுக்கட்டும். முதல் தாளுக்கு ஒரு கேள்வி நான் தருகிறேன்: ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எழுதினால் 7 எத்தனை முறை வரும்? விடை 300. அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.